மூத்த பூனைக்கு ஒரு மனை

பதினெட்டாம் நூற்றாண்டிலே இலண்டன் மாநகரில் வாழ்ந்த சாமுவேல் ஜோன்சன் என்னும் பேரறிஞர், 1755ஆம் ஆண்டில் வெளிவந்த தமது ஆங்கில அகராதியாற் பெரும்புகழ் பெற்றவர். அவர் வீட்டிலே ஹொட்ஜ் என்றொரு பூனை இருந்தது. அதற்கு உணவாகச் சிப்பி வாங்குவதற்கு அவர் தாமே கடைத்தெருவுக்குச் செல்வாராம். பணியாட்கள் இல்லாமையால் அன்று. அவர்களை ஏவினால், ‘இந்தப் பிராணியால் நமக்கு எத்தனை அலைச்சல்’ என்று அவர்கள் அதனை வெறுக்கத் தொடங்கிவிடுவர் என அவர் அஞ்சினார். இதனை அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய பொஸ்வெல் 1791ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே குறித்துள்ளார்.

இச்சிறு செய்தியில் ஒரு பேருண்மை அடங்கியிருக்கிறது. வாயில்லாப் பிராணியைப் பேணுவதில் அன்பு ஒரு பாதி. அதனால் வரும் தொல்லையைப் பிறர் தலையிற் சுமத்தாது தாமே ஏற்றுக்கொள்வது மறு பாதி. பிராணிகள் காப்பகத்திலிருந்து, மூப்பும் பிணியும் உற்ற பூனையொன்றை வீட்டுக்கு அழைத்துவர எண்ணுவோர் முதலிற் சிந்திக்கவேண்டியது இம்மறு பாதியையே.

அத்தகைய காப்பகங்கள் தோன்றிய கதையும் அறியத்தக்கது. 1860ஆம் ஆண்டில் இலண்டனில் ஹொலோவே என்னும் பகுதியிலே, மேரி ரீல்பி என்னும் மாது, தெருவில் அலைந்து பசியால் வாடிய நாய்களுக்கு ஒரு புகலிடம் அமைத்தார். மனிதருக்கே இல்லிடம் இல்லாத நகரில் நாய்களுக்கு வீடா எனப் பத்திரிகையும் எள்ளி நகையாடிற்று. ஆயினும் அப்பணி நின்றுவிடவில்லை. 1871ஆம் ஆண்டில் அப்புகலிடம் பற்றர்சீ என்னும் இடத்துக்கு மாறியது. 1883ஆம் ஆண்டு முதல் பூனைகளையும் ஏற்கத் தொடங்கியது. இன்று உலகின் பல நாடுகளிலே இத்தகைய இல்லங்கள் உள்ளன.

இவ்வில்லங்களில் ஒன்றை நேயர்கள் மனக்கண்முன் கொண்டுவருவார்களாக. முன்வரிசைக் கூடுகளிலே குட்டிகள் துள்ளி விளையாடுகின்றன. வருவோர் அவற்றைக் கண்டு மகிழ்ந்து, சில நாட்களுள் எடுத்துச் செல்கின்றனர். கடைசிக் கூட்டிலே, பன்னிரண்டு வயதுப் பூனையொன்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்திருக்கிறது. அதனை வளர்த்த மூதாட்டி இறந்திருக்கலாம். அல்லது முதியோர் இல்லத்துக்குச் சென்றிருக்கலாம். கூட்டின் முகப்பிலே தொங்கும் அட்டையில் அதன் வயதும் நோயும் எழுதப்பட்டிருக்கின்றன. அவ்வட்டையை வாசிப்போர் பெருமூச்செறிந்து அப்பாற் செல்கின்றனர்.

அவ்வட்டையில் எழுதப்பட்ட நோய் யாது? மூத்த பூனைகளைப் பெரிதும் பற்றுவன சில நோய்களே. முதலாவது, சிறுநீரகங்கள் நாளடைவில் தளர்வது. பூனை மிகுதியாக நீர் அருந்தும், மிகுதியாகச் சிறுநீர் கழிக்கும், உடல் மெலியும். கெட்டுப்போன சிறுநீரகத் திசு மீண்டும் வளராது. எனினும், அதற்கென அமைந்த உணவும், மருந்தும், வேண்டியபோது தோலின் கீழ் ஏற்றப்படும் உப்புநீரும் கொண்டு, நோய் கண்ட பின்னரும் ஆண்டுக்கணக்கில் இதமாக வாழும் பூனைகள் உண்டு. உப்புநீர் ஏற்றும் முறையை மிருக வைத்தியரிடம் பழகி வீட்டிலேயே செய்வோர் பலர்.

இரண்டாவது, கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பி அளவுக்கு மீறிச் சுரப்பது. பூனை பெருந்தீனி தின்னும். ஆனாலும் எலும்பும் தோலுமாகும். பூனைகளில் இந்நோய் 1979ஆம் ஆண்டளவிலேதான் தெளிவாக விவரிக்கப்பட்டது. இன்று அதற்கு மாத்திரை உண்டு. மாத்திரை விழுங்க மறுக்கும் பூனைக்குக் காதின் உட்புறத்திலே தடவும் மருந்தும் உண்டு.

மூன்றாவது நீரிழிவு. 1921ஆம் ஆண்டில் ரொறன்ரோ நகரிலே பான்ரிங், பெஸ்ற் என்னும் இருவர் நாய்களைக் கொண்டு நிகழ்த்திய ஆராய்ச்சியின் பயனாக இன்சுலின் கிடைத்தது. பிராணிகளின் உயிரைக் கொண்டு மனிதர் பெற்ற அம்மருந்து, இன்று பிராணிகளின் உயிரையும் காக்கின்றது. நீரிழிவுற்ற பூனைக்குப் பெரும்பாலும் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இன்சுலின் ஏற்றவேண்டும். ஊசி மிக நுண்ணியது. உணவு உண்டுகொண்டிருக்கும்போதே அதனைப் பொருட்படுத்தாத பூனைகள் பல. கடினமானது ஊசியன்று, காலை ஏழு மணியும் மாலை ஏழு மணியும் நாள்தோறும் தவறாது வருவதே. பூனை உண்ண மறுத்த வேளையில் வழக்கமான அளவை ஏற்றினால், இரத்தத்திலுள்ள சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். ஆகவே அத்தகைய வேளையில் வைத்தியரின் அறிவுரையைக் கேட்டே நடத்தல் வேண்டும்.

இவற்றையெல்லாம் கேட்டு மனந்தளர வேண்டியதில்லை, அவசரப்படவும் வேண்டியதில்லை. பூனையை ஏற்குமுன் காப்பகத்தாரிடம் சிலவற்றைத் தெளிவாகக் கேட்டறிதல் நன்று. இதுவரை செய்த இரத்தப் பரிசோதனைகள் யாவை? மருந்தின் அளவு என்ன? எதனோடு கலந்து கொடுத்தால் உட்கொள்கின்றது? மாதமொன்றுக்கு மருந்துக்கும் உணவுக்கும் ஆகும் செலவு எவ்வளவு? சில காப்பகங்கள், பூனை ஒருவர் வீட்டில் வாழ, மருத்துவச் செலவைத் தாமே ஏற்பதும் உண்டு. இறுதியாக, வீட்டார் வெளியூர் செல்ல நேர்ந்தால் ஊசி போடுபவர் யார்? இக்கேள்விக்கு விடை இல்லாதவர், ‘இயலாது’ என்று சொல்லித் திரும்புவதிலே இழிவு ஒன்றுமில்லை. இரக்கத்தால் எடுத்துச் சென்று, சலிப்பால் திருப்பிக் கொடுப்பதே அப்பிராணிக்கு இரண்டாம் முறை இழைக்கப்படும் கொடுமை.

மற்றொரு பக்கமும் உண்டு. இன்று எடுத்த குட்டி பதினைந்து ஆண்டு, சில வேளை இருபது ஆண்டும் வாழக்கூடும். எழுபது வயதானவர், தமக்குப் பின் அதற்கு யார் என்று கலங்குவர். மூத்த பூனையோ அமைதி விரும்புவது; பெரும்பொழுதை உறக்கத்திலே கழிப்பது; வீட்டிலேயே இருக்கும் முதியவருக்கு ஏற்ற துணை. மேலும், அதன் குணம் முன்னரே தெரிந்தது. மடியில் ஏறுமா, ஒதுங்கி நிற்குமா என்பதைக் காப்பகத்தாரே சொல்லிவிடுவர்.

வீட்டுக்கு வந்த முதல் வாரங்களில் அதற்குப் பெரிய மாளிகை வேண்டியதில்லை. அரவமற்ற ஓர் அறை போதும். முதிய பூனைகளில் மிகப் பலவற்றுக்கு மூட்டுத் தேய்வு உண்டு. ஆதலால் மலசலப் பெட்டியின் விளிம்பு தாழ்ந்திருத்தல் வேண்டும். விரும்பும் இருக்கையின்முன் சிறு படியொன்று வைத்தல் நன்று. உணவைத் திடீரென மாற்றலாகாது. சில நாட்கள் உண்ணாதிருந்தாலே பூனையின் ஈரலிற் கொழுப்புப் படிந்து உயிருக்கு இடையூறு நேரக்கூடும். ஆதலால் ஒரு நாள் முழுவதும் உணவைத் தீண்டாவிடின் வைத்தியரை நாடவேண்டும். மனிதருக்குரிய பரசிற்றமோல் மாத்திரை பூனைக்கு நஞ்சு. லில்லி மலரும் அத்தகையதே. பூனை தன் நோவை மறைக்கும் இயல்புடையது. நோவுற்றபோதுங்கூட அது மகிழ்ச்சியில் எழுப்பும் அதே முனகலை எழுப்புவதுண்டு. எனவே அதன் குரலைக் காட்டிலும் அதன் நடத்தையையே கவனித்தல் தகும்.

ஒரு நாள் அந்நடத்தை மாறும். உணவைத் திரும்பிப் பாராது. மேனியை நக்கித் துப்புரவு செய்யாது. வழக்கமான இருக்கைக்கு வராது. அப்போது வைத்தியரோடு கலந்து, வேதனையை நீட்டுவதா, நோவின்றி முடிப்பதா என்று தீர்மானிக்கும் கடமையும் வளர்ப்பவருடையதே. இக்கடமையை எண்ணியே பலர் முதிய பூனையை ஏற்க அஞ்சுகின்றனர். ஆனால் அவர்கள் ஏற்காமையால் அம்முடிவு வாராதொழிவதில்லை. பழகிய கையொன்று அருகில் இல்லாமல் வரும், அவ்வளவே.

ஜோன்சன் வாழ்ந்த இல்லத்துக்கு எதிரே, 1997ஆம் ஆண்டில், ஹொட்ஜுக்கு ஒரு வெண்கலச் சிலை நிறுவப்பட்டது. அகராதியின்மீது அமர்ந்திருக்கும் அப்பூனையின் அருகே சிப்பியோடுகள் கிடக்கின்றன. அகராதி எழுதிய அதே கைதான் சிப்பியும் வாங்கி வந்தது. காப்பகத்துக்குச் செல்வோர், முன்வரிசைக் குட்டிகளைக் கண்டு களித்த பின்னர், கடைசிக் கூட்டின் முன்னும் சற்று நின்று, அங்கே தொங்கும் அட்டையை முழுவதும் வாசிப்பார்களாக.