இறால் தடவும் கைகள்



சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் பழவேற்காட்டு ஏரி இருக்கிறது. அங்கே இருளர் குலப் பெண்கள் வலையின்றி, ஆழங்குறைந்த நீரில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பதைக் கண்டிருக்கிறேன். பிடித்ததை இடும் ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொள்கிறார்கள்; இரு கைகளுக்கும் வேலை இருக்கிறதல்லவா?

கரையேறிய மூதாட்டி ஒருவரிடம், உண்ணுமுன் சோப்பிட்டுக் கை கழுவுவதைப் பற்றிப் பேச்செடுத்தேன். "பொழுதெல்லாம் தண்ணியிலே ஊறுகிற கைக்கு இன்னும் என்ன கழுவல், ஐயா?" என்று சிரித்தார். எனக்கு உடனே விடை வரவில்லை.

விடை அந்த நீரிலேயே இருக்கிறது. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் உவர்நீரே காலராக் கிருமிக்கு இயல்பான உறைவிடம். நுண்ணிய நீருயிர்களின் மேல் ஒட்டிக்கொண்டு அது அங்கே வாழவல்லது. 1884-ஆம் ஆண்டில் இராபர்ட் கோக் என்னும் ஜெர்மானிய அறிஞர் கல்கத்தாவில் ஆராய்ந்து, காலராவுக்குக் காரணம் இக்கிருமியே என்று அறிவித்தார். வங்கத்துக் கதைதானே என்று நாம் வாளாவிருக்க இயலாது. 1992-இல் 'ஓ139' என்னும் புதிய காலராக் கிருமி முதன்முதலாகத் தலைகாட்டியது நம் சென்னையிலேதான். மனிதக் கழிவும் நீரில் கலந்துவிட்டால் சீதபேதி, டைபாய்டு, மஞ்சட்காமாலை ஆகியவையும் உடன் வரும்.

கையில் ஏறிய இறாலின் வழுவழுப்போடு கிருமியும் ஒட்டிக்கொள்ளும். அப்பசையைத் தளர்த்தி, கிருமியையும் சேர்த்து நீரோடு போக்குவதே சோப்பின் வேலை. உப்பு நீரிலோ சோப்பு நன்றாக நுரைப்பதில்லை. ஆகவே நல்ல நீர் வேண்டும். அது குடத்தில் சுமந்து வருவது. குடிப்பதா, கழுவுவதா என்பதே அவ்வீட்டின் மெய்யான கணக்கு. குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சுகாதாரம் போதிக்கும் நகரத்தார் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. நானும் அன்று போடவில்லை.

மறுமுறை சென்றபோது அம்மூதாட்டியிடம் இவற்றைச் சொன்னேன். கழிப்பிடம் சென்று வந்ததும், சோற்றில் கை வைக்குமுன்னும், குழந்தைக்கு ஊட்டுமுன்னும் கழுவினால், வயிற்றுப்போக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவதாகப் பல நாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஒரு டப்பாவின் அடியில் ஆணியால் துளையிட்டுத் தொங்கவிட்டால், மெல்லிய தாரையாக விழும் சிறிதளவு நீரே கைக்குப் போதும் என்றேன்.

அவர் சற்று நேரம் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேத்தியை அழைத்து, "டப்பா இருக்குது, ஆணி எங்கேயாவது கிடக்குதா, பாரு" என்றார்.