கதையில் கொடியைத் தேடாதீர்கள்
(திருநெல்வேலி டவுணில் ஆற்றிய உரை)



ஒரு கதையைப் படித்ததும், “இதில் கொடி எங்கே, கோஷம் எங்கே?” என்று நம்மில் சிலர் கேட்கிறோம். நானும் அப்படிக் கேட்டவன்தான். எனக்குப் பதில் சொன்னது புதுமைப்பித்தனின் ‘துன்பக் கேணி’.

நம் நெல்லைச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன மருதியின் கதை அது. 1930-களில் எழுதியது. எழுதியவர் கட்சிக்காரர் அல்லர். கதையில் கொடியும் இல்லை. ஆனால் தோட்டத்துக் கணக்கில் வெறும் ஒரு தலையாக எண்ணப்பட்டவள், கதையில் முழு மனுஷியாக நிற்கிறாள். படித்தவனுக்குத் தேயிலை கசக்கிறது!

அப்படியானால் கொடி கலையைக் கெடுக்குமா? இல்லை. நம்மூர் ரகுநாதன் 1953-இல் ‘பஞ்சும் பசியும்’ எழுதினார். அதில் நெசவாளர் போராட்டம் இருக்கிறது. போராட்டத்துக்கு முன்னால், ஓய்ந்த தறியும் பட்டினி கிடக்கும் வீடும் இருக்கின்றன. பசியைக் கண்ட பிறகு எழும் கோஷம் ஒட்டவைத்த கோஷமாகாது.

பட்டவன் படித்து “இது என் கதை” என்று சொல்ல வேண்டும்; படாதவன் படித்துத் தூக்கம் இழக்க வேண்டும். இரண்டும் நடந்தால் அது பெரிய கலை. ஆகவே, நம் இளம் எழுத்தாளர்களிடம் கோஷம் கேட்காதீர்கள், தோழர்களே, உண்மையைக் கேளுங்கள்!