நன்றி சொன்ன பிறகு திறக்கும் இன்னொரு கடை

இன்னிக்கு எபிசோடை எங்க பெரம்பூர் வீட்டுக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

தீபாவளிக்கு முன்னாடி அம்மா ஆன்லைன்ல ரெண்டு நைட்டி வாங்கினாங்க. பணம் கட்டினதும் "நன்றி, உங்கள் ஆர்டர் உறுதியானது"னு பச்சை டிக் வந்தது. அதுக்குக் கீழேயே இன்னொரு பெட்டி: "வாழ்த்துகள்! 200 ரூபாய் கேஷ்பேக், 7 நாள் இலவச மெம்பர்ஷிப்." அதுவும் ஆர்டர்ல ஒரு பகுதின்னு நினைச்சு அம்மா அழுத்தினாங்க. யுபிஐ பின் கேட்டது, போட்டுட்டாங்க.

பொங்கல் முடிஞ்சு பாஸ்புக்ல என்ட்ரி போட்டப்போதான் பார்த்தேன். மாசம் 299 ரூபாய், மூணு தடவை போயிருக்கு. "ஏம்மா சொல்லலை?"ன்னு கேட்டேன். "நான்தானே பின் போட்டேன், சொன்னா நீ திட்டுவியே"ன்னாங்க. போன 897 ரூபாயைவிட அந்தப் பதில்தான் என்னை உறுத்துச்சு.

இது அம்மாவோட அறியாமை இல்லை. பணம் கட்டி முடிச்சதும் நம்ம எல்லாருக்குமே கவனம் தளரும். அந்த நொடிக்காகவே போடப்பட்ட கடை அது.

அமெரிக்காவுல இது பழைய வியாபாரம். ஆர்டர் முடிஞ்சதும் கேஷ்பேக் காட்டுவாங்க. இமெயில் முகவரி கொடுத்தாலே போதும், கார்டு விவரம் முதல் கடையிலிருந்து இன்னொரு கம்பெனிக்குக் கைமாறிடும். 2009-ல் செனட் குழு ஒன்று இதை விசாரித்தது. 2010-ல் அந்தக் கைமாற்றத்தைத் தடுக்கச் சட்டமே வந்தது.

நம்ம ஊர்ல அவ்வளவு சுலபமில்லை. மாசாமாசம் பணம் எடுக்கணும்னா, முதல் தடவை நாமே பின் அல்லது ஓடிபி போட்டு அனுமதி தரணும். ஆனா ஒருமுறை தந்துட்டா, பெரும்பாலான சேவைகளுக்கு 15,000 ரூபாய் வரைக்கும் ஒவ்வொரு தடவையும் பின் கேட்காது. அதனாலதான் அந்த முதல் பின்னை வாங்க இத்தனை வேஷம். பணம் எடுக்கிறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி தகவல் வரணும்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு. அம்மாவுக்கும் வந்திருக்கு, நூறு ஆஃபர் மெசேஜுக்கு நடுவுல.

சட்டமும் நம்ம பக்கம்தான். 2023 நவம்பர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 'டார்க் பேட்டர்ன்'களைப் பட்டியல் போட்டுத் தடை செஞ்சது. இலவச சந்தாவுக்கே ஆட்டோபே அனுமதி கேட்கிறதும், ரத்து செய்யும் வழியை ஒளிச்சு வைக்கிறதும் அதுல இருக்கு.

சரி, என்ன செய்யலாம்? பின் போடும் முன்னாடி திரையில் 'ஆட்டோபே' அல்லது 'மேண்டேட்'ன்னு இருக்கான்னு பாருங்க. பணம் உள்ளே வர பின் தேவையே இல்லை. கேஷ்பேக்குக்கு எதுக்குப் பின்? ஏற்கெனவே மாட்டியிருந்தா, யுபிஐ ஆப்ல ஆட்டோபே பகுதிக்குப் போய் நீங்களே ரத்து செய்யலாம், கடைக்காரரைக் கெஞ்ச வேண்டாம். புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915. நீங்க அனுமதிக்காமலே பணம் போயிருந்தா அது மோசடி. உடனே பேங்குக்கும் 1930-க்கும் சொல்லுங்க, ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

இன்னிக்கு ராத்திரி அம்மா அப்பா போனை வாங்கி அந்த ஆட்டோபே பகுதியை மட்டும் ஒரு தடவை பாருங்க. ஏதாவது இருந்தா, தயவுசெஞ்சு திட்டாதீங்க. திட்டினா அடுத்த தடவை நம்மகிட்ட சொல்ல மாட்டாங்க.

அடுத்த வாரம் பார்ப்போம்.