வெள்ளிக் கட்டி: எந்த அளவு, எங்கே வைப்பது?

(நாக்பூரில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு முப்பத்தாறு வருஷம் சர்க்கார் ஃபைல்களைப் புரட்டியவன் நான். வெள்ளி வியாபாரம் தெரியாது. ஆனால் 2025 டிசம்பரில் கிலோ இரண்டு லட்சத்தைத் தாண்டியதும், "நாலு கட்டி வாங்கிப் போடலாமா?" என்று நம் மனிதர்கள் பலர் கேட்க ஆரம்பித்தார்கள். காரியதரிசி என்னைப் பிடித்துவிட்டார். விலை ஏறுமா என்று என்னைக் கேட்காதீர்கள். 1980 ஜனவரியில் அவுன்ஸ் 50 டாலரை எட்டிய வெள்ளி, மார்ச் கடைசியில் 11 டாலருக்குக் கீழே வந்தது. அது ஞாபகம் இருந்தால் போதும்.

என் அண்ணா கதையைச் சொல்கிறேன். ரிடையரான பணத்தில் மூன்று ஒரு கிலோ கட்டிகள் வாங்கினார். நியூஸ் பேப்பரில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, ஸ்டோர் ரூமில் பெருங்காய டப்பாவுக்கும் வெங்காயக் கூடைக்கும் நடுவே ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்தார். மன்னிக்குப் பெட்டி தெரியும். பில் எங்கே என்று தெரியாது. 2019-ல் அண்ணா காலமானார். அந்த வருஷமே மன்னிக்குக் கண் ஆபரேஷனுக்குப் பதினைந்தாயிரம் தேவைப்பட்டது. நான் தருகிறேன் என்றேன். "அவர் வைத்துவிட்டுப் போனது இருக்கும்போது கை நீட்ட வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள்.

பெட்டியைத் திறந்தால் மூன்றும் கரி மாதிரி இருந்தன. ரப்பர் பேண்ட் பட்ட இடத்தில் கோடு கோடாக இன்னும் கறுப்பு. கடைக்காரர் பார்த்தார், பில் இல்லை என்றதும் உருக்கித்தான் எடுப்பேன் என்றார். சேதாரம் என்று கழித்தார், இன்னும் ஏதோ சொல்லிக் கழித்தார். பதினைந்தாயிரம் தேவைக்கு ஒரு முழுக் கிலோவை விற்க வேண்டியதாயிற்று. மீதிப் பணம் சேவிங்ஸ் பாங்கில் கிடந்து மூன்றரை சதவிகிதம் வட்டி வாங்கிக்கொண்டிருந்தது. விலை இரண்டு லட்சம் என்று டிவியில் சொன்ன அன்று மன்னி ஒன்றும் பேசவில்லை. நான்தான் எழுந்து வெளியே போனேன். அண்ணா வாங்கியது எனக்குத் தெரியும். பில்லைப் பற்றி ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை.

ஆகவே அளவு. இங்கே இத்வாரி சராஃபாவில் 'சில்லி' என்பார்களே, அந்த முப்பது கிலோப் பாளம் நமக்கானதல்ல. கடைகளில் பத்து கிராம் முதல் ஒரு கிலோ வரை கிடைக்கிறது. சின்னதாக ஆக ஆக கிராமுக்குக் கூடுதல் காசு. சாமி படம் போட்ட நாணயத்தில் அதைவிட அதிகம். 3 சதவிகிதம் ஜி.எஸ்.டி. எப்படியும் உண்டு; விற்கும்போது அது திரும்பி வராது. நம்மைப் போன்ற பென்ஷன்காரர்களுக்கு நூறு கிராம் கட்டிகளே சிலாக்கியம் என்பது என் அபிப்பிராயம். நிறைய வாங்குகிறவர்கள் ஒன்றிரண்டு அரைக் கிலோ சேர்த்துக்கொள்ளலாம். 999 முத்திரையும் எடையும் இருக்க வேண்டும். சீல் செய்த அட்டையில் வந்தால் பிரிக்காதீர்கள். நான் ஒன்றைப் பேரனுக்குக் காட்டுவதற்காகப் பிரித்தேன்; அதற்கு ஆத்துக்காரி இன்றும் குத்திக் காட்டுகிறாள்.

பாங்கில் அடகு வைக்கலாமே என்று நினைக்க வேண்டாம். ரிசர்வ் பாங்கின் 2025 உத்தரவுப்படி வெள்ளி நகைக்கும் நாணயத்துக்கும் கடன் உண்டு, கட்டிக்குக் கிடையாது.

இனி கெமிஸ்ட்ரி. வெள்ளி கறுப்பது துருவல்ல. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு சேர்ந்து சில்வர் சல்ஃபைடு ஆகிறது. ரப்பரில் கந்தகம் உண்டு. கம்பளி, வெங்காயம், பெருங்காயம் எல்லாவற்றிலும் உண்டு. அண்ணா தேர்ந்தெடுத்த இடம் ஒரு லாபரேட்டரிக்குச் சமானம்! காற்றுப் புகாத பாலிதீன் ஜிப் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள். பிவிசி பை வேண்டாம். கறுத்தாலும் உள்ளே வெள்ளி வெள்ளிதான். பவுடர் போட்டுத் தேய்த்து முத்திரையை மழுக்காதீர்கள். பூஜைப் பாத்திரம் கறுத்தால் அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் வெந்நீரும் சமையல் சோடாவும் விட்டு அதில் முக்குங்கள். கறுப்பு போகும், வெள்ளி சுரண்டப்படாது.

ஒரு கிலோ வெள்ளி சுமார் 95 கன சென்டிமீட்டர்தான். அரை டம்ளர் காபி அளவு. இடம் அடைக்காது, ஆனால் எடை உண்டு. பரணில் ஏற்றி வைத்துவிட்டு எழுபத்தைந்து வயசில் ஸ்டூல் மேல் ஏற வேண்டாம்.

ஸ்டீல் பீரோ பாதுகாப்பு என்பது நம் பிரமை. பிள்ளைகள் வெளியூரில், இரண்டு கிழங்கள் மட்டும் இருக்கிற அகத்தில் நூறு இருநூறு கிராமுக்கு மேல் வைக்காதீர்கள். மீதி பாங்க் லாக்கருக்குப் போகட்டும். 2022 ஜனவரி முதல் தீ, திருட்டு போன்றவற்றில் பாங்கின் பொறுப்பு வருஷ வாடகையைப் போல நூறு மடங்கு வரைதான். வாடகை மூவாயிரம் என்றால் மூன்று லட்சம். அதற்கு மேல் உங்கள் பாடு. வீட்டு இன்ஷூரன்ஸ் எடுத்தவர்கள் கட்டி வெள்ளிக்கு அதில் இடம் உண்டா என்று படித்துப் பாருங்கள். பல பாலிசிகளில் விலக்கிவிடுகிறார்கள்.

பில்லைப் பத்திரப்படுத்துங்கள். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்தில் 12.5 சதவிகித வரி. வாரிசுக்கு வந்த வெள்ளி என்றாலும், முதலில் வாங்கியவர் கொடுத்த விலைதான் கணக்கு. பில் இல்லாமல் அந்த விலையை எப்படிக் காட்டுவது?

மன்னியின் மீதி இரண்டு கட்டிகளும் இப்போது லாக்கரில் இருக்கின்றன. லாக்கர் அவள் பெயரிலும் அவள் பெண் பெயரிலும். எடை, முத்திரை, எண் எல்லாம் ஒரு தாளில் எழுதி ஆளுக்கு ஒரு காப்பி கொடுத்திருக்கிறேன். பில் இன்னும் கிடைக்கவில்லை. அண்ணாவின் பழைய டைரிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்; 2009 வரை வந்திருக்கிறேன்.