ஒரே கூரையின் கீழ் வீடும் அலுவலகமும்

வாசலில் ஒரு பெயர்ப்பலகை, முன்னறையில் ஒரு மேஜை, நான்கு நாற்காலிகள், சுவர் நிறையப் புத்தகங்களும் கட்டுக் கட்டாகக் காகிதங்களும், உள்ளே கூடமும் சமையலறையும், மாடியில் படுக்கையறைகள். வக்கீல், வைத்தியர், ஆடிட்டர் ஆகியோரின் வீடுகளை நாம் நெடுங்காலமாக இவ்வாறே அறிவோம். 2020-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க்குப் பிறகு மாதச் சம்பளக்காரரின் வீட்டிலும் அலுவலகம் ஓர் அறையைப் பிடித்துக்கொண்டது. தீயைப் பொறுத்த மட்டில் இத்தகைய வீட்டை வீடு என்று கொள்வதா, அலுவலகம் என்று கொள்வதா? இக்கேள்வியையே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்டோம்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. அலுவலகத்தில் தீப்பற்றினால் அங்கிருப்போர் பெரும்பாலும் விழித்திருப்பவர்கள், எழுந்து வெளியேறிவிடுவார்கள். வீட்டிலோ நாம் உறங்குகிறோம். குழந்தைகளும் முதியோரும் உறங்குகிறார்கள். வீட்டுக்குள் அலுவலகம் புகும்போது, அலுவலகத்தின் எரிபொருளும் வீட்டின் உறக்கமும் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்கின்றன. காகிதம், கணிப்பொறி, மின்தடைக்காக வைத்த பாட்டரி, இரவு முழுவதும் மின்னேற்றத்தில் கிடக்கும் கருவிகள் ஆகியவை கீழே, நாம் மேலே. மாடிப்படியோ பல வீடுகளில் அந்த முன்னறையை ஒட்டியே இறங்குகிறது. அபாயத்தின் உட்கரு இதுவே.

இதற்குப் பரிகாரமாகச் சொல்லப்படுவது ஸ்பிரிங்க்ளர் என்னும் நீர்த்தூவி. கூரையடியில் ஓடும் தண்ணீர்க் குழாயில் இடையிடையே சிறு முனைகள் பொருத்தப்பட்டிருக்கும். பல முனைகளின் வாயைத் திரவம் நிரம்பிய ஒரு கண்ணாடிக் குமிழ் அடைத்து நிற்கும். தீயின் வெப்பம் ஏறியதும் திரவம் விரிந்து குமிழை உடைக்கும், தண்ணீர் பாயும். ஒரு முனையில் தண்ணீர் வந்தால் வீடு முழுவதும் எல்லா முனைகளும் ஒருசேரத் திறந்து சாமான்களைப் பாழாக்கிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. எந்த முனை சூடேறுகிறதோ அது மட்டுமே திறக்கும். சமையல் புகைக்கோ ஊதுவத்திப் புகைக்கோ அது திறப்பதில்லை.

இக்கருவியின் வரலாறு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. அமெரிக்காவில் நியூ ஹேவன் நகரில் பியானோ தொழிற்சாலை வைத்திருந்த ஹென்றி பார்மலி என்பவர் 1874-இல் தானியங்கி நீர்த்தூவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றுத் தம் தொழிற்சாலையிலேயே பொருத்தினார். அதன் பின் ஆலைகளும் கிடங்குகளும் அதை மேற்கொண்டன. வீடுகளுக்கென்று தனியாக ஒரு நெறிமுறையை அந்நாட்டின் தேசியத் தீக் காப்புச் சங்கம் வெளியிட்டது 1975-இல். சரக்கைக் காத்த தண்ணீர் உறங்கும் குழந்தையைக் காக்க வருவதற்கு நூறு ஆண்டுகள் ஆயின!

வீட்டுக்குள் அலுவலகம் இருந்தால் நீர்த்தூவி வேண்டுமா என்பதற்கு அந்நாட்டு விதிகள் ஓர் அளவுகோலை வகுத்தன. பெயரில் சர்வதேசம் என்றிருந்தாலும், அமெரிக்க மாநிலங்கள் பெரிதும் பின்பற்றும் சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பின் 2009-ஆம் ஆண்டுப் பதிப்பைப் பார்ப்போம். வசிப்பும் தொழிலும் கலந்த இல்லம் என்று ஒரு தனி வகையை அது கூறுகிறது. அத்தகைய இல்லம் 3,000 சதுர அடிக்கு மேற்படலாகாது. தொழிலுக்கான இடம் பாதிக்கு மேல் போகலாகாது. வெளியார் ஐவருக்கு மேல் ஒரே சமயத்தில் அங்கு வேலை செய்யலாகாது. அந்த இல்லத்தில் நீர்த்தூவி கட்டாயம். ஆயினும் ஒரு விலக்கு உண்டு. அலுவலகம் இல்லத்தின் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால், அந்த இல்லம் இவ்வகையில் சேராது, வீடாகவே கருதப்படும்.

இதை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். 1,500 சதுர அடி கொண்ட ஓர் இல்லத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை அலுவலகமாயின், அதன் பரப்பு 120 சதுர அடி, விலக்குப் பொருந்தும். பன்னிரண்டுக்குப் பதினைந்து அடி அறையாயின் 180 சதுர அடி, விலக்கு இல்லை. வீடு என்று கருதப்பட்டாலும் வீட்டுக்குரிய விதி என்ன என்று பார்க்க வேண்டும். வீடுகளுக்கான தொகுப்பின் அதே 2009-ஆம் ஆண்டுப் பதிப்பு, புதிதாகக் கட்டும் தனி வீடுகளுக்கும் 2011 முதல் நீர்த்தூவி வேண்டும் என்றது. கலிபோர்னியா, மேரிலாந்து போன்றவை அதை ஏற்றன. பெரும்பாலான மாநிலங்களோ அப்பகுதியை நீக்கிவிட்டே தொகுப்பை ஏற்றன. ஆகவே அம்மாநிலங்களில், சிற்றலுவலகம் உள்ள தனி வீட்டுக்குத் தொகுப்பின்படி கட்டாயம் எதுவும் இல்லாமற் போயிற்று.

பத்தில் ஒரு பங்கு என்ற கோட்டை நாம் பரிகசிக்க வேண்டியதில்லை. சட்டம் என்றால் எங்கேனும் ஒரு கோடு கிழித்தே ஆக வேண்டும். சிறிய அறைக்கு வருவோரும் சிலர், அதில் சேரும் பொருளும் சிறிது என்பது நியாயமான ஊகமே. ஆனால் தீ அளவு நாடா கொண்டு வருவதில்லை. 120 சதுர அடி அறையில் பற்றிய தீயின் புகையும் அதே மாடிப்படி வழியாகத்தான் மேலேறும்.

நம் நாட்டுக்கு வருவோம். 1970-இல் முதன்முதல் வெளியான தேசியக் கட்டட விதித்தொகுப்பு, 2016-ஆம் ஆண்டுப் பதிப்பிலும், வசிப்பிடங்களை ஒரு பிரிவாகவும் அலுவலகங்களை வேறொரு பிரிவாகவும் வகுக்கிறது. ஒரே கட்டடம் பல பயன்களுக்கு உள்ளானால், அவற்றுள் அபாயம் மிகுந்த பயனுக்குரிய விதியையே பின்பற்ற வேண்டும் என்பது அதன் பொதுநெறி. எனினும் தாழ்ந்த தனி வீட்டுக்கு நீர்த்தூவியை அது விதிக்கவில்லை. அதன் கடுமை பெரிதும் 15 மீட்டரும் அதற்கு மேலும் உயர்ந்த கட்டடங்களைப் பற்றியதே. மேலும் அத்தொகுப்பு ஒரு வழிகாட்டி. மாநிலங்களும் நகராட்சிகளும் தம் விதிகளில் ஏற்றுக்கொண்டால்தான் அதற்குச் சட்ட வலிமை உண்டு.

தொழிலும் உறக்கமும் ஒரே கூரையின் கீழ் இருப்பதன் விலையை 2019 டிசம்பர் 8-ஆம் தேதி டில்லியின் அனாஜ் மண்டிப் பகுதி நமக்குக் காட்டிற்று. குடியிருப்புகள் நெருங்கிய சந்தில், சிறு தொழில்கள் நடந்த ஒரு கட்டடத்தில் அதிகாலையில் தீப்பற்றியது. 43 பேர் மாண்டனர். அவர்களுட் பலர் வேலை செய்த இடத்திலேயே படுத்து உறங்கிய தொழிலாளர்கள். அது நம் வீட்டு முன்னறையைப் போன்றதன்று என்பது உண்மையே. ஆனால் புகைக்கும் உறக்கத்துக்கும் உள்ள பகை இரண்டு இடத்திலும் ஒன்றே.

அப்படியானால் சட்டம் கேளாத வீட்டில் நாமே நீர்த்தூவி அமைத்துக்கொள்ள இயலுமா? கணக்கைப் பாருங்கள். வீடுகளுக்கான அமெரிக்க நெறிமுறை பொதுவாக இரண்டு முனைகளுக்குப் பத்து நிமிடத் தண்ணீரைக் கேட்கிறது. முனை ஒன்றுக்கு நிமிடத்துக்கு 50 லிட்டர் என்று கொண்டால் மொத்தம் 1,000 லிட்டர். நம் மொட்டை மாடித் தொட்டிகளிற் பல இந்த அளவுடையவை! ஆனால் அழுத்தமும் வேண்டும். முனையில் ஏறத்தாழ ஐந்து மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தமேனும் இருக்க வேண்டுமாதலால், மேல்மாடிக்குத் தொட்டி மட்டும் போதாது, பம்பு தேவைப்படும். தீப்பற்றியதும் மெயின் சுவிட்சை நிறுத்துவோம். அப்போதும் பம்பு நில்லாதபடி அதற்குத் தனி இணைப்பு வேண்டும். அன்றாடச் செலவில் தொட்டி காலியாகிவிடாமல் அந்த 1,000 லிட்டரை ஒதுக்கி வைக்கவும் வேண்டும். இன்னொன்று: சிவப்புக் குமிழ் 68 டிகிரி செல்சியஸில் உடையும். கோடையில் கொதிக்கும் தகரக் கூரையின் கீழ் 79 டிகிரிக்குரிய மஞ்சட் குமிழோ அதற்கும் மேற்பட்டதோ பொருத்தமாகும். இவற்றையெல்லாம் தேர்ந்த பொறியாளரைக் கொண்டே செய்ய வேண்டும். புது வீடு கட்டும்போதே செய்தால் சுவரை உடைக்க நேராது.

இதற்கு வசதியில்லாதவர் மனந்தளர வேண்டாம். முன்னறையிலும் மாடிப்படி உச்சியிலும் புகை எச்சரிக்கைக் கருவி வைக்கலாம். அலுவலக அறைக்குக் கனமான கதவு போட்டு இரவில் அதை மூடிவிடலாம். உறங்கப் போகுமுன் மின்னேற்றத்தை நிறுத்தலாம். காகிதக் கட்டுகளை மாடிப்படியின் கீழ் அடுக்காதிருக்கலாம். தீயென்றால் முதலில் வெளியேறிவிட்டுப் பின்பு 112-ஐ அழைக்கலாம்.

நம் வீடு வீடா, அலுவலகமா என்பதைச் சட்டம் சதுர அடியால் தீர்மானிக்கட்டும். நாம் இரவில் விளக்கை அணைக்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு: கீழறையில் தீப்பற்றினால், மேலே உறங்குவோரை எழுப்புவது எது? அதற்கு விடை கிடைத்த பிறகே நாம் நிம்மதியாக உறங்கச் செல்வோமாக.