சபையில் பேசப் பழகுவோம்
(ஸ்பிரிங்வேலில் நடைபெற்ற சமூகத் தலைமைத்துவப் பயிற்சியின் தொடக்க அமர்வில் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் ஸ்பிரிங்வேலுக்குக் குடிவரவாளர் வரலாற்றில் தனியிடம் உண்டு. 1970 முதல் 1992 வரை இங்கு இயங்கிய என்ரபிரைஸ் குடிவரவாளர் விடுதியில்தான் வியட்நாம், கம்போடியா முதலிய நாடுகளிலிருந்து வந்த பல்லாயிரவர் முதலில் தங்கினர். அவர்கள் கடை வைத்தனர், வீடு வாங்கினர், அத்துடன் நின்றுவிடவில்லை. கம்போடியாவிலிருந்து வந்த யூஹோர்ன் சியா, கிரேட்டர் டண்டினோங் மாநகரசபையின் உறுப்பினராகி மேயராகவும் பணியாற்றினார். அதே நாட்டில் பிறந்த ஹொங் லிம் 1996 முதல் 2018 வரை விக்டோரிய மாநில நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார்.

நம்மவரிலும் முன்னோடிகள் உள்ளனர். ஈழத்தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த சமந்தா ரட்ணம் 2012இல் மோர்லண்ட் மாநகரசபைக்குத் தெரிவாகி, 2015இல் அதன் மேயரானார். ஆயினும், ஒருவர் உயர்ந்தால் சமூகம் முழுவதும் உயர்ந்துவிட்டதாகாது.

நமது நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். கோயில் திருவிழாவையும் கலைவிழாவையும் குறையின்றி நடத்தத் தெரிந்த சமூகம் நாம். ஆனால் மண்டப வாடகை உயர்ந்துவிட்டது என்று நமக்குள் முணுமுணுக்கிறோமே தவிர, அந்த வாடகை தீர்மானிக்கப்படும் சபைக்கு நாம் செல்வதில்லை.

இதற்குச் சோம்பல் காரணமன்று. வாய் திறந்தவர்கள் காணாமற்போன மண்ணிலிருந்து வந்தவர்கள் நாம். "உனக்கேன் இந்த வேலை?" என்று பிள்ளையைத் தடுக்கும் தாயின் குரலில் அந்த அச்சம் இன்றும் ஒலிக்கிறது. அங்கே மௌனம் உயிரைக் காத்தது. இங்கேயோ அதே மௌனம், நாம் இருப்பதையே பிறர் அறியாமற் செய்துவிடுகிறது.

பேசுவதன் பயனைப் பிலோயலா நகரம் காட்டியது. 2018 மார்ச்சில் பிரியா, நடேசலிங்கம் தம்பதியரும் அவர்தம் இரு பெண்குழந்தைகளும் அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களை மீட்க முதலில் எழுந்தவர்கள் அவ்வூர் அயலவர்கள். மனு எழுதினர், ஊடகங்களிடம் பேசினர், நான்கு ஆண்டுகள் ஓயவில்லை. 2022 மே மாதம் ஆட்சி மாறியது; ஜூன் மாதம் அக்குடும்பம் ஊர் திரும்பியது; ஓகஸ்டில் நிரந்தர விசாவும் கிடைத்தது. அந்த அயலவர்கள் தொழில்முறை அரசியல்வாதிகள் அல்லர். செயலில் இறங்கியே கற்றுக்கொண்டவர்கள்.

நமக்கான வாயில்களும் திறந்தே இருக்கின்றன. விக்டோரியாவின் 2020ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டப்படி, மக்களின் கருத்தைக் கேட்பதற்கான கொள்கை ஒன்றை ஒவ்வொரு மாநகரசபையும் வைத்திருத்தல் வேண்டும். ஆண்டுதோறும் ஜூன் 30க்குள் வரவுசெலவுத் திட்டம் நிறைவேற்றப்பட வேண்டும். ஆகவே, நமது கோரிக்கை அதற்குப் பல மாதங்கள் முன்னரே சென்றடைய வேண்டும். சபைக் கூட்டத்தைப் பார்வையிடவோ கருத்துரை எழுதவோ குடியுரிமை தேவையில்லை. குடியுரிமை பெற்ற இளையோர் 16 வயதிலேயே வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம், 18இல் வாக்களிக்கலாம். அடுத்த உள்ளூராட்சித் தேர்தல் 2028 ஒக்டோபரில் வருகிறது.

இப்பயிற்சியில் நாம் கற்கவிருப்பவை எளியவை: கூட்ட நிகழ்ச்சிநிரலை வாசித்தல், ஒரு கோரிக்கையை ஒரு பக்கத்தில் எழுதுதல், அதனை மூன்று நிமிடங்களில் பேசுதல், நம்மைப் போன்றே தேவையுடைய பிற சமூகத்தவரோடு இணைதல். இவற்றோடு ஐந்தாவதாக ஒன்றும் உண்டு. அதுவே மிகக் கடினமானது: பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைத்தல். இருபது ஆண்டுகள் ஒரே தலைவர் என்பது பெருமையன்று. வேறொருவரை நாம் உருவாக்கவில்லை என்பதற்கான சான்று. பெண்களையும் இளையோரையும் தேநீர் பரிமாறவும் ஒலிவாங்கியைச் சரிபார்க்கவும் மட்டும் அழைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

இளையோரே, 1973இல் மொனாஷ் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் இதே ஸ்பிரிங்வேலில் இலவசச் சட்ட உதவி நிலையம் ஒன்றைத் தொடங்கினர். ஐம்பது ஆண்டுகள் கடந்தும் அப்பணி தொடர்கிறது. அவர்களுக்கும் அன்று உங்கள் வயதுதான்.

பெற்றோர்களே, அடுத்த மாதச் சபைக் கூட்டத்திற்கு உங்கள் பிள்ளையுடன் வாருங்கள். முதல் நாள் பேச வேண்டியதில்லை. அமர்ந்து கவனித்தாலே போதும். மறுமுறை பிள்ளை பேசட்டும். நீங்கள் அருகில் இருங்கள்.