சாரதிக்கு மட்டுந்தானா சட்டம்?

(பதுளையில் ஆற்றிய உரை)



வேக வரம்பு வேண்டாமென்று சொல்ல நாம் இங்கே கூடவில்லை. வரம்பை மீறிப் பேருந்தை ஓட்டுபவர் தண்டிக்கப்பட வேண்டியவரே. ஆனால், தண்டனை அவரோடு நின்றுவிடுவது ஏன் என்பதே நமது கேள்வி.

2021ஆம் ஆண்டு மார்ச் 20ஆந் திகதி, லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட பேருந்து பசறை 13ஆம் கட்டையருகே பள்ளத்தில் வீழ்ந்தது. 14 பேருக்குக் குறையாமல் மாண்டனர். மலையிலிருந்து சரிந்த பாறை வீதியின் ஒரு பகுதியை அடைத்துக் கிடந்தது. எதிரே டிப்பர் வண்டி வந்தது. எஞ்சியிருந்த ஒடுங்கிய இடத்தில் பேருந்து விளிம்பைக் கடந்தது. சாரதிகளை விசாரிக்கட்டும், நாம் தடுக்கவில்லை. பாறையை அகற்றவேண்டியவர் யார்? அது ஏ5 நெடுஞ்சாலை. வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. சாரதி ஒரு கணம் தவறினால் குற்றம். பாறை அகற்றப்படாது கிடந்தால் இயற்கை அனர்த்தம்! இது என்ன நீதி?

2025 செப்டெம்பர் 4ஆந் திகதி இரவு எல்ல–வெல்லவாய வீதியில் 15 உயிர்கள் போயின. தங்காலையிலிருந்து சுற்றுலா வந்த நகர சபை ஊழியர்கள் சென்ற பேருந்து அது. அங்கே தடுப்பு வேலி இருந்தது; பேருந்தைத் தாங்கவில்லை.

1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ், ஊருக்கு வெளியே பேருந்துக்கு மணிக்கு 60 கிலோமீட்டர் வரை அனுமதி உண்டு. அநுராதபுரத்து நேர்வீதிக்கு அது பொருந்தும். பசறை வளைவுகளில் 30 கூட மிகையே. 2016இன் இறுதியில் 25,000 ரூபாய்த் தண்டப்பணத்தை எதிர்த்துத் தனியார் பேருந்துகள் வேலைநிறுத்தம் செய்தபோதும், தொகை எவ்வளவு என்பதே வழக்காயிற்று. நாள் வசூலை நம்பிப் பிழைக்கும் சாரதி, முன்னே போகும் பேருந்தை முந்தாமல் வீட்டுக்கு என்ன கொண்டு போவார்? (வெலிமடை நண்பர்கள் பொறுத்தருள்க: விடியுமுன் மரக்கறி சந்தை சேரவேண்டுமென்று லொறிச் சாரதியை விரட்டுவோர் நம்மிலும் உண்டு.)

தோட்ட வீதிகளின் கதை இதனினும் கொடிது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்து 33ஆம் பிரிவு, சபையின் பணம் தோட்டத்துக்குள் செல்லத் தடையாக நின்றது. வாக்குக் கேட்கத் தோட்டம் எல்லைக்குள். வீதி போட மட்டும் எல்லைக்கு வெளியே! 2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. தடை நீங்கியது, பணம் வரவில்லை. இன்றும் கொழுந்து லொறியிலும் உழவு இயந்திரப் பெட்டியிலும் ஏறிச் செல்லும் நம் பெண்களுக்கு எந்த வேக வரம்பு காவல்?

ஆகவே நாம் மூன்றைக் கேட்கிறோம். மலைவீதியில் வளைவுக்கு வளைவு வேகம் அளந்து விதிக்கப்படல் வேண்டும். சரிந்த மண்ணையும் பாறையையும் அகற்றக் கெடுவும், தவறினால் பதில் சொல்ல ஓர் அதிகாரியின் பெயரும் எழுத்தில் வேண்டும். சாரதிக்கும் நடத்துநருக்கும் வசூலைச் சாராத நாட்சம்பளம் வேண்டும்.

ஒவ்வொரு தோட்டக் கிளையும் தன் பகுதியில் வேலியற்ற வளைவுகளைக் கட்டை எண்ணோடு எழுதி அனுப்புக. மனுவை எழுதும் வேலை நம்முடையது.